நாலடி இடைவெளி

காணியைக் கையளிக்க எழுபத்தாறு மணித்தியாலங்கள் இருந்தபோது வவுனியாவில் நான் பஸ் ஏறினேன். அன்று செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. கையளிப்பு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காணியில் வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போது என் தோள் உயரம் நிற்கின்றன. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. மடியில் ஒரு பனங்கட்டிப் பார்சலும் கையில் சுருட்டிய வரைபடமுமாக யன்னலோரம் உட்கார்ந்து, மணித்தியாலங்களைக் கழித்துக்கொண்டே போனேன்.

அது 2003ஆம் ஆண்டு கார்த்திகை. சண்டை நின்று இரண்டாவது வருடம். மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் வவுனியா அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. பௌதிகவியல் படித்தவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை என்பது அப்பா சொல்லும் காரணம். யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லை என்பது என் காரணம். வெளியில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு வெடியும் கிடந்த இடத்தை அளந்து எழுதிக் கொடுப்பார்கள். நான் கட்டத்தாளில் ஒரு புள்ளி வைப்பேன்.

வெளி வேலைக்கு இந்தியாவிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. எல்லோரும் ஓய்வுபெற்ற இராணுவப் பொறியியல் பிரிவுக்காரர்கள். தலைவர் சோணைமுத்து, மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்க்காரர். "முப்பது வருசம் பொதைக்கச் சொல்லிக் குடுத்தாங்கம்மா. இப்பத்தான் தோண்டப் படிக்கிறேன்" என்பார். அந்த ஐப்பசியில் கொழும்பில் அயல்நாடுகளின் கூட்டம் ஒன்று நடந்தது. மிதிவெடியைத் தடை செய்வது பற்றியும், புதைத்ததை எடுக்க ஒருவருக்கொருவர் உதவுவது பற்றியும் பேசினார்கள். அவரும் போய்வந்தார். எப்படி இருந்தது என்று அலுவலகத்தில் கேட்டார்கள்.

"நல்லா இருந்துச்சு. தடைக்கு இன்னும் கையெழுத்துப் போடாத ரெண்டு நாட்டுக்காரங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து கேக்கு சாப்ட்டோம். எல்லாரும் மேப்பக் குடுங்க, மேப்பக் குடுங்கன்னு பேசுனாங்க. மேப்பே போடாமப் பொதைச்சவன்கிட்ட என்னத்த வாங்குறது?"

அப்படி வரைபடம் இல்லாத காணிதான் இது. வவுனியாவுக்கு வடக்கே ஒரு குளத்தருகே பத்தொன்பது குடும்பங்கள் இருந்த இடம். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து குடியேறியவர்கள். பிறகு சண்டையில் அங்கிருந்தும் எழும்பிப் போனார்கள். யார் புதைத்தது என்று எங்கள் அலுவலகத்தில் கேட்பதில்லை. எங்கே என்றுதான் கேட்போம்.

ஒன்பது வரிசைகளில் நூற்று எண்பத்தேழு வெடிகள் எடுத்தார்கள். ஒன்பதாவது வரிசைக்கு அப்பால் ஐந்து மீற்றர் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசி வெடியிலிருந்து ஐந்து மீற்றர் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது என்பது எங்கள் விதி. அதற்கும் அப்பால் குளம் வரைக்கும் உள்ள நிலத்தைத் தேடாமலே கொடுத்துவிடலாம்.

புள்ளிகளை வைத்து முடித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. வெடிக்கும் வெடிக்கும் இடையில் சராசரி 1.22 மீற்றர். மீற்றரில் யோசிக்கிற எவரும் 1.22 வைக்கமாட்டார்கள். அது நாலடி. வரிசைகளும் நேராக இல்லை. நிலம் குளத்தை நோக்கி மெல்லச் சரிகிறது. நின்று பார்த்தால் தெரியாத அந்தச் சரிவுக்குக் குறுக்கே ஒன்பது வரிசைகளும் ஒன்றாக வளைந்தன. மேல் வரிசையின் இரண்டு குழிகளுக்கு நடுவே கீழ் வரிசையின் குழி.

நான் பதுளையில் வளர்ந்தவள். பாடசாலை யன்னலுக்கு வெளியே பதினொரு வருடம் அந்த வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தேயிலை நடும் முறை.

தேயிலை வரிசைகள் ஒரு பாறையிலோ ஓடையிலோ போய் முடியும். இவை ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுவிட்டன. குளம் இன்னும் முப்பது மீற்றர் தள்ளி இருந்தது.

"வேலை முடியவில்லை போலத் தெரிகிறது" என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன். என்ன ஆதாரம் என்று முகாமையாளர் கேட்டார். "வரிசைகள் வடிவாக இருக்கின்றன" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பின்னேரம் சோணைமுத்து என் மேசைக்கு வந்தார். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தேயிலைங்கிற."

"ஓம்."

"குழி வெட்டுனவன் உங்க ஊர்க்காரன்."

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"அப்ப போய்க் கேளும்மா. இன்னும் இருக்குன்னு அவன் வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும், மந்திரியே வந்தாலும் நான் நிப்பாட்டிருவேன். உன் வளைவ மட்டும் வச்சு நிப்பாட்ட முடியாது."

பத்தொன்பது குடும்பங்களின் பழைய பட்டியல் ஒன்று இருந்தது. அதில் தொழிலும் எழுதியிருந்தார்கள். "தேயிலைக் குழி வெட்டு" என்று ஒருவருக்கு மட்டும் இருந்தது. பெயர் தம்பையா. தொண்ணூற்றாறில் பதுளையை அடுத்த பசறைப் பக்கம் தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டார். கல்யாணம் முடித்த மகள் தவமணி மட்டும் வவுனியா முகாமில் இருந்தாள். வெள்ளிக்கிழமை காணி கிடைக்கப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி. நான் பசறைக்குப் போகிறேன் என்றதும் பனங்கட்டியும் ஒரு கடிதமும் தந்தாள். அப்பாவிடம் என்ன கேட்கப்போகிறேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பதுளைக்கு வந்து சேர மாலை ஆறு மணி. இன்னும் அறுபத்து நான்கு.

அப்பா கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுநராக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார்.

"மூண்டு நாள் லீவு. அதிலை ரெண்டு நாள் பஸ்ஸுக்குள்ளையோ?" என்றார்.

"நாளைக்குப் பசறைக்குப் போகவேணும், அப்பா."

"பசறையிலை என்ன வெடி கிடக்கு?"

"வெடி இல்லை. குழி வெட்டினவர் இருக்கிறார் எண்டு நினைக்கிறன்."

அப்பா பேப்பரை மடித்தார். "அவரோடை கதைக்கப் போறியோ? நீயோ?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

மறுநாள் மழை. பசறை பஸ் ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி நின்று போனது. சந்தையருகே இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, தோட்டத்து வளைவில் இறங்கி நடந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி. நாற்பத்தேழு.

தம்பையாவின் மனைவி இராசமணி வாசலில் இருந்தார். முழங்கால் வலியால் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தியிருந்தார்.

"டீச்சரா நீங்க?"

"இல்லை அம்மா. வவுனியாவிலை ஒரு ஒபிசிலை கணக்குப் பார்க்கிறன். தவமணி தந்துவிட்டவ."

"தவமணியா? உள்ள வாங்க, மழையில நிக்கிறீங்க." பார்சலை மூக்கருகே கொண்டுபோனார். "பனங்கட்டி. அவளுக்கு எப்பவும் அப்பன் நெனப்புத்தான். எனக்கு என்னா குடுத்தா?"

"கடிதம்."

"அதையும் அவருதான் வாசிப்பாரு. நல்ல நாயம். உக்காருங்க. அஞ்சாம் நம்பர் மலையில கவ்வாத்து வெட்டுறாரு, பன்னண்டுக்குச் சாப்பிட வருவாரு."

சாயத்தண்ணி ஊற்றித் தந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் குடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, தொடங்கத் தேவை இருக்கவில்லை. அவரே குளத்தடியைப் பற்றிப் பேசினார்.

"தண்ணிக்குக் குறையில்லாத எடம். ஆனா தொண்ணூத்தொண்ணுல துவக்கோட வந்து இவரக் கூட்டிட்டுப் போனாங்க, கெணறு வெட்டணும்னு. பதினஞ்சு நாள். திரும்பி வந்த பொறகு மனுசன் ஒரு மாதிரி. குளக்கட்டுக்குப் போறதுக்கு ஒரு சுத்து வழி வச்சாரு. ரோட்டுன்னு அதுக்குப் பேரு. ரோட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, வெறுந்தரை. அதுலதான் நடக்கணும். இந்தப் பக்கமும் எறங்கக் கூடாது, அந்தப் பக்கமும் எறங்கக் கூடாது. ஒருநா ஆட்டுக்குட்டி பின்னால தவமணி எறங்கப் போனா. அன்னைக்குத்தான் அவள அடிச்சாரு. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல."

கிணறு வெட்டத் துப்பாக்கி எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமுமோ, அம்மா? ஒரு பக்கம் மட்டும் இல்லையோ?"

"ரெண்டு பக்கமுந்தான்."

"அந்த ரோட்டு எவ்வளவு அகலம்?"

"இந்தா, இதக் கணக்கா இருக்கும்." லயத்துக்கு முன்னால் போகும் தோட்டத்து ரோட்டைக் காட்டினார்.

குடையை விரித்துக்கொண்டு வெளியே போனேன். ரோட்டைப் பாதத்துக்குப் பாதம் வைத்து அளந்தேன். லொறி போகும் அகலம், பன்னிரண்டடி. இரண்டு ஓரமும் தண்ணீர் ஓடும் கான், நாலடி நாலடி. அதன் பிறகுதான் இரண்டு பக்கமும் தேயிலை தொடங்கியது. மொத்தம் இருபதடி. ஆறு மீற்றருக்குக் கொஞ்சம் கூட.

நாங்கள் ஐந்தில் நின்றுவிட்டோம்.

"என்னாம்மா தொலைச்சீங்க?" என்று இராசமணி வாசலிலிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றேன். தேயிலைக் குழி வெட்டிப் பழகிய ஒரு கை, யாரும் சொல்லாமலே ரோட்டுக்கும் கானுக்கும் இடம் விட்டுவிட்டுத் தொடர்ந்து வெட்டியிருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். இதைக் கூட்டத்தில் சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள்.

தம்பையா பன்னிரண்டு மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேயிலைச் செடி தறிக்கும் கவ்வாத்துக் கத்தியைக் கூரைச் செருகலில் வைத்துவிட்டு, மகளின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். ரொட்டியும் சம்பலுமாக உட்கார்ந்தார்.

"கண்ணாடி நனைஞ்சு கெடக்கு. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு. வெள்ளிக்கிழமை காணி குடுக்கிறாங்க. எங்களுக்கு ஏழாம் நம்பர் துண்டு. அப்பா ரோட்டுன்னு சொல்ற வழிக்குக் கீழ, குளத்துப் பக்கம். வெடியெல்லாம் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கே குழி வெட்டித் தென்னம்பிள்ளை வைக்கப் போறோம். குழி எத்தனை அடி வெட்டணும்னு அப்பாவைக் கேட்டு இவங்ககிட்ட சொல்லி விடுங்க."

தம்பையாவின் கை ரொட்டியில் நின்றது.

"ரோட்டுக்குக் கீழயா?"

"கீழை எண்டுதான் எழுதியிருக்கு."

"மெசின் வச்சுத் தேடியிருப்பாங்கல்ல. எல்லா எடமும் தேடியிருப்பாங்க."

"ஒன்பது வரிசை எடுத்தம். அதுக்கு அங்காலை அஞ்சு மீற்றர் பார்த்தம். ஒண்டும் இல்லை. அதோடை நிப்பாட்டியாச்சு."

"கணக்குப் பாக்குறேன்னீங்க?" என்றார் இராசமணி.

"வெடிக் கணக்கு, அம்மா."

நான் வரைபடத்தைத் தரையில் விரித்தேன். தம்பையா கையைத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். அவருடைய விரல் ஆறாவது வரிசையின் புள்ளிகளைத் தொடாமல் அவற்றின் மேலாகவே போனது.

"யாரு போட்டது?"

"நான்."

"வளைவு சரியா வந்திருக்கு."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. விரலை எடுத்துக்கொண்டார்.

"நான் கெணறு வெட்டத்தாங்க போனேன்" என்றார், என்னைப் பார்க்காமல். "தொண்ணூத்தாறுல இங்க திரும்பி வந்தப்ப, வன்னியிலருந்து வந்தவன்னு போலீஸ்ல புடிச்சு உள்ள வச்சாங்க. பதினோரு நாள். அங்க என்னா செஞ்சே, அங்க என்னா செஞ்சேன்னு ஒரே கேள்வி. கெணறு வெட்டுனேன்னேன். பதினோரு நாளும் அதையேதான் சொன்னேன். அதனாலதான் வெளிய வந்தேன். இப்ப வந்து வேற சொல்லச் சொல்றீங்க."

"எங்கடை படிவத்திலை பேருக்கு இடம் இல்லை, ஐயா." எடுத்துக் காட்டினேன். 'தகவல் தந்தவர்: ஊரவர்' என்று மட்டும் அச்சடித்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். "பேருக்கு எடம் இல்ல. சொன்ன வாய் இருக்குல்ல."

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார். மணி ஒன்று. நாற்பத்தைந்து.

என் இடத்தில் வேறு யாராவது பின்னால் போய்க் கெஞ்சியிருப்பார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரியாதவளுக்குச் சும்மா இருக்கவாவது தெரியும். இராசமணி கடிதத்தை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ரெண்டு பக்கமும் எறங்கக் கூடாதுன்னாரு" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நாலு மணிக்கு வருவாரு. இருங்க. போயிராதீங்க."

அவர் மூன்றரைக்கே வந்துவிட்டார். கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டார்.

"பசறைக்குப் போவோம்" என்றார். "ஸமீம் கடையில போன் இருக்கு. இங்க வச்சுப் பேசுனா கங்காணி காதுல விழும். நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்புடறப்ப இதுதான் பேச்சா இருக்கும்."

"என்ன சொல்லப் போறீங்கள், ஐயா?"

"அவளுக்குக் குழி எத்தனை அடின்னு சொல்லணும்ல."

இராசமணியும் குடையை எடுத்துக்கொண்டார். முழங்கால் வலி என்று நான் ஞாபகப்படுத்தினேன். "வலி இங்க இருந்தாலும் வலிதான்" என்றார்.

மழை விட்டிருந்தது. கடை, பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு சிறிய அறை. போன் பேசவும் போட்டோப் பிரதி எடுக்கவும் ஆட்கள் வருவார்கள். ஸமீம் தம்பையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பையாண்ணே, வெள்ளைச் சட்டையெல்லாம். பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பாத்த ஒண்ணே போதும்னுட்டாரு" என்றார் இராசமணி. "போனக் குடுங்க."

ஸமீம் சிரித்தார். பிறகு எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்துவிட்டு வானொலியை நிறுத்தினார். "எடுங்க. நான் அந்தப் பக்கம் போய் டீ சொல்லிட்டு வாறேன்" என்று வெளியே போனார்.

வவுனியா இலக்கத்தை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"சோணைமுத்து."

"நான் வதனி."

"சொல்லும்மா. நேத்துலருந்து இந்தப் போன் பக்கத்துலதான் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். இருக்காரா?"

"இருக்கிறார்" என்று கருவியைத் தம்பையாவிடம் கொடுத்தேன். ஒதுங்கி நின்றாலும் பயனில்லை. சோணைமுத்துவின் குரல் போனிலும் அறை முழுக்கக் கேட்கும்.

"தம்பையா பேசுறேங்க."

"அண்ணே, வணக்கம். பூர்வீகம் எந்தப் பக்கம் உங்களுக்கு?"

"துறையூருன்னு சொல்லுவாங்க. பாத்ததில்ல."

"நானும் பசறை பாத்ததில்ல. சரியாப் போச்சு. அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முப்பது வருசமா எத்தனையோ வரிசை பாத்திருக்கேன். இத்தனை சுத்தமா ஒண்ணும் பாத்ததில்ல. நூத்தி எம்பத்தேழு குழி. ஒண்ணு கூட அரை அடி தப்பல. ஒண்ணு கெடைச்சா அடுத்தது எங்கன்னு எங்க பயலுகளுக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும். அதனாலதான் ஒருத்தன் கையிலயும் கீறல் இல்லாம எடுத்தோம்."

தம்பையா கருவியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களா?"

"ஆகல."

"முன்னாடி? ஊர்க்காரங்க யாருக்காவது? ஆடு மாடு?"

"ஒரு குழியும் வெடிச்சிருக்கல, அண்ணே. நூத்தி எம்பத்தேழும் வச்சது வச்சபடி இருந்துச்சு. எல்லாத்தையும் எண்ணித்தான் எடுத்தோம்."

தம்பையா சுவரோர மர வாங்கில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விட்டார். பன்னிரண்டு வருடமாக இந்த ஒரு கேள்வியை அவர் யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறார். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். இராசமணி அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நனைந்த குடையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி ஐந்து. நாற்பத்தொன்று. அதற்கு மேல் நான் கழிக்கவில்லை.

"அண்ணே, இருக்கீங்களா?" என்றது போன். "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு ரிப்பன் வெட்டுறாங்க. வெட்டலாமா?"

தம்பையா மனைவியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டவும் இல்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"வெட்டாதீங்க" என்றார் தம்பையா. "ரோட்டுக்கு அங்கிட்டு இன்னும் நாலு வரிசை இருக்கு. நாந்தான் வெட்டுனேன்."